ஆகாயத்துக் கண்ணுக்கு ஒரு கைப்பிடி

விருதுநகர் மாவட்டத்திலே ஆலங்குளம் என்று ஓர் ஊர். வெம்பக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்தச் சீமையிலே நெருப்பை நம்பிய தொழில்கள் இரண்டு உண்டு. ஒன்று ஊரறிந்த பட்டாசுத் தொழில். மற்றொன்று சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு ஆக்கும் தொழில். ஆலங்குளத்தில் அரசுச் சிமெண்டு ஆலை 1970-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

இரண்டும் நெருப்புத் தொழில்தான். ஆனால் இரண்டின் குணமும் வேறு வேறு.

ஆகாச வாணத்தைப் பார்க்கலாம். ஒரு குச்சி, குச்சியில் கட்டிய குழாய், குழாய்க்குள் மருந்து, அடியில் திரி. திரியில் நெருப்பு வைத்தால் சீறிக்கொண்டு மேலே போகிறது. பூவாகச் சிதறுகிறது. குச்சி கீழே விழுகிறது. விழுந்த வாணத்தை எடுத்துப் பழுது பார்த்து மறுபடி விடலாம் என்று எவரும் நினைப்பதில்லை. ஒரே ஒரு தடவை எரிவதற்கென்றே செய்த பொருள் அது.

சிமெண்டுச் சூளையின் கதை அப்படி அல்ல. அது நீளமான இரும்பு உருளை. உள்ளே கல் வேகும் இடத்தில் சுமார் 1,450 டிகிரி வெப்பம். அந்த வெப்பம் நேரே பட்டால் இரும்பு தாங்காது. ஆகையால் உள்பக்கம் முழுவதும் தீ தாங்கும் செங்கல் பதித்திருப்பார்கள். செங்கல் நாளாவட்டத்தில் தேயும். தேய்ந்ததும் சூளையை நிறுத்துவார்கள்; ஆற விடுவார்கள்; ஆட்கள் உள்ளே புகுந்து பழைய கல்லைப் பெயர்த்துப் புதுக் கல் பதிப்பார்கள். பிறகு சூளை மறுபடியும் உருளும். ஆள் உள்ளே போக வழி வைத்துத்தான் சூளையைக் கட்டுகிறார்கள். பழுது வரும் என்று தெரிந்தே கட்டுகிறார்கள்.

ஆகாயத்துக்கு அனுப்பும் தொலைநோக்கி இந்த இரண்டில் எந்த ஜாதி? வாணமா? சூளையா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தியா இதற்குப் பதில் சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது. ஏனென்றால், முன்பு அனுப்பிய தொலைநோக்கிக்கு வயதாகிவிட்டது. அடுத்ததைப் பற்றிய யோசனை இன்னும் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும்போதுதான் எதையும் மாற்ற முடியும்.

காற்றுக்கு மேலே

தொலைநோக்கியை ஏன் ஆகாயத்துக்குக் கொண்டுபோக வேண்டும்? மலை உச்சியில் வைத்தால் போதாதா?

போதாது. பூமியைப் போர்த்தியிருக்கும் காற்று உயிர்களுக்குக் கவசம். சூரியனிலிருந்தும் நட்சத்திரங்களிலிருந்தும் வரும் எக்ஸ் கதிர்களையும், புற ஊதாக் கதிர்களில் பெரும் பகுதியையும் அது தடுத்து விடுகிறது. மனிதன் உயிரோடு இருப்பதற்கு அது நல்லது. வானத்தை ஆராய்கிறவனுக்கு அதுவே திரை. திரைக்கு மேலே போனால்தான் அந்தக் கதிர்களைப் பார்க்கலாம்.

அந்த நோக்கத்தோடு இந்தியா அனுப்பியது 'ஆஸ்ட்ரோசாட்'. 2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எடை சுமார் 1,500 கிலோ. செலவு சுமார் 178 கோடி ரூபாய். பூமிக்கு மேலே 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுகிறது.

அது செல்லும் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஒவ்வொரு நாளும் சுமார் 14 தடவை அது ஆலங்குளத்தின் தென்வானத்தைக் கடந்து போகிறது. வயலில் களை எடுக்கிறவர்களுக்கும், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவருக்கும் அது தலைக்கு மேலே போகிற பொருள்தான். கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே வித்தியாசம்.

ஐந்து ஆண்டு உழைத்தால் போதும் என்று சொல்லித்தான் அதை அனுப்பினார்கள். 2025 செப்டம்பரில் பத்து ஆண்டு நிறைந்தது. அப்போதும் அது வேலை செய்துகொண்டிருந்தது.

உடம்பில் நோவு இல்லாமல் அல்ல. எக்ஸ் கதிர்களை எண்ணுவதற்கு அதில் மூன்று வாயுப் பெட்டிகள் உண்டு. அவற்றில் ஒன்று கசிந்தது, அணைத்துவிட்டார்கள். இன்னொன்று நிலை தடுமாறியது. எஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி தொடர்ந்தது. புற ஊதாத் தொலைநோக்கியில் மூன்று பார்வைகள் இருந்தன. அவற்றிலும் ஒன்று சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

அப்படியிருந்தும் அது சாதித்தது சிறிதல்ல. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வந்த கடும் புற ஊதா ஒளியை ஆஸ்ட்ரோசாட் கண்டுபிடித்த செய்தி 2020-இல் வெளியாயிற்று. பூமி பிறப்பதற்கு வெகு காலம் முன்னே கிளம்பிய ஒளி அது.

மேலே ஒரு சின்னக் கசிவு. கீழே ஆயிரம் அறிவாளிகள். ஆனால் கசிந்த பெட்டியை மாற்ற ஒரு கை இல்லை. பிரச்சினை இதுதான்.

மூக்குக் கண்ணாடி போட்ட தொலைநோக்கி

கை எட்டிய ஒரு தொலைநோக்கி உலகத்தில் உண்டு. அதன் பெயர் 'ஹப்பிள்'. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1990 ஏப்ரல் 24-ஆம் நாள் மேலே அனுப்பியது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம்.

மேலே போய்ப் படம் எடுத்தார்கள். படம் மங்கலாக வந்தது! கண்ணாடியைத் தேய்த்தபோது விளிம்பில் சற்றே கூடுதலாகத் தேய்த்துவிட்டார்கள். எவ்வளவு கூடுதல்? தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு! அவ்வளவு நுட்பமான தவறு, உலகத்தின் மிகப் பெரிய முயற்சியைப் பரிகாசப் பொருளாக்கிவிட்டது. பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன.

வாணமாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஹப்பிள் சூளை ஜாதி. அதைக் கட்டும்போதே, மனிதர்கள் வந்து பழுது பார்ப்பார்கள் என்று எண்ணிக் கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள வெளியே கைப்பிடிகள் வைத்தார்கள். திறந்து மூடக் கதவுகள் வைத்தார்கள். கருவிகளை மேசை இழுப்பறைபோல் உருவி எடுக்கும்படி அமைத்தார்கள்.

1993 டிசம்பரில் ஏழு பேர் விண்வெளி ஓடத்தில் போனார்கள். அவர்களில் நால்வர் மாறி மாறி ஐந்து நாள் வெளியே இறங்கி வேலை செய்தார்கள். பழைய காமிராவை எடுத்துவிட்டுப் புதிய காமிராவை வைத்தார்கள். மற்றக் கருவிகளுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டுவதுபோலச் சிறு கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். அடுத்த மாதம் வந்த படங்கள் கண்ணைப் பறித்தன.

அதன் பிறகு 1997, 1999, 2002, 2009 ஆகிய ஆண்டுகளிலும் ஆட்கள் போய்வந்தார்கள். மொத்தம் ஐந்து தடவை. இன்று ஹப்பிளின் பெயரால் உலகம் கொண்டாடும் படங்களில் மிகப் பெரும்பாலானவை, அது பழுது பார்க்கப்பட்ட பிறகு எடுத்தவை.

பம்பரம் நின்றால்

இத்தகைய தொலைநோக்கிக்கு வரும் நோய்களில் முக்கியமானது பம்பர நோய். கலம் எந்தத் திசையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை அறிய, அதற்குள் 'கைரோ' என்னும் சுழலிகள் இருக்கின்றன. ஹப்பிளின் கைரோ நிமிடத்துக்கு 19,200 தடவை சுற்றும் பம்பரம். மயிரிழை போன்ற கம்பிகள் அதற்கு மின்சாரம் கொடுக்கின்றன. கம்பி அரிக்கப்பட்டு அறுந்தால் பம்பரம் நின்றுவிடும்.

ஹப்பிளில் ஆறு கைரோ. ஒழுங்காக வேலை செய்ய மூன்று வேண்டும். 1999 நவம்பரில் நாலாவது கைரோவும் கெட்டது. தொலைநோக்கி கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த மாதமே ஆட்கள் போய் ஆறையும் மாற்றினார்கள்.

மனிதன் போவது விளையாட்டல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2003 பிப்ரவரி 1-ஆம் நாள் 'கொலம்பியா' ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களில் ஒருவர். கொலம்பியாவின் அந்தப் பயணம் ஹப்பிளுக்காகச் சென்றது அல்ல. ஆனாலும் இனி ஹப்பிளைப் பழுது பார்க்க ஆள் அனுப்புவதில்லை என்று 2004 ஜனவரியில் நாசா முடிவு செய்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் குரல் எழுப்பினார்கள். 2006 அக்டோபரில் முடிவு மாறியது. 2009 மே மாதம் 'அட்லாண்டிஸ்' போயிற்று.

111 திருகாணிகள்

அந்தப் பயணத்தில் நடந்த ஒரு சம்பவம், எஞ்சினீயர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியது.

ஹப்பிளுக்குள் ஒளியைப் பிரித்து ஆராயும் ஒரு கருவி. அதில் மின்சாரப் பலகை ஒன்று பழுது. கருவியை முழுசாக உருவி எடுக்க வழி உண்டு. ஆனால் கருவியின் வயிற்றை ஆகாயத்திலேயே திறக்க நேரும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்கவில்லை. மூடியில் இருந்தவை 111 சின்னஞ்சிறு திருகாணிகள்!

ஒரு திருகாணி நழுவினாலும் உள்ளே மிதந்துபோய் எதையாவது கெடுக்கும். ஆகவே திருகாணிகள் சிதறாமல் பிடித்துக்கொள்ள ஒரு தனிப் பலகையைக் கண்டுபிடித்தார்கள். மைக் மாசிமினோ என்பவர் தடித்த கையுறையோடு திருப்புளியை எடுத்தார்.

அந்த 111-க்கும் போவதற்கு முன்பே தடங்கல் வந்தது. வழியை மறைத்த ஒரு கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதன் திருகாணி ஒன்று தலை தேய்ந்து வழுக்கியது. எத்தனை திருப்பினாலும் வரவில்லை. பூமியில் இருந்தவர்கள் அதேபோல ஒரு கைப்பிடியைக் கட்டி, எவ்வளவு வலுவோடு இழுத்தால் முறியும் என்று சோதித்துப் பார்த்தார்கள். பிறகு மேலே சேதி போயிற்று: 'இழுத்துப் பிடுங்கு!' மாசிமினோ பிடுங்கினார். கைப்பிடி வந்தது. பிறகு 111 திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையை மாற்றினார். அன்றைய வேலைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இந்தக் கதையின் சாரம் எளிது. இழுப்பறையாகச் செய்த பகுதிகளை உருவி மாற்ற முடிந்தது. ஆணி அடித்து மூடிய பகுதி உயிரை வாங்கியது. தொலைநோக்கியின் ஆயுள் ஆகாயத்தில் தீர்மானம் ஆவதில்லை. பூமியில், வரைபட மேசையில் தீர்மானம் ஆகிறது.

தமிழர் பெயர் தாங்கிய கண்

எல்லாத் தொலைநோக்கிக்கும் ஆள் போக முடியாது. அதற்குச் சாட்சி 'சந்திரா'.

சந்திரா என்பது சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற மேதை. நட்சத்திரங்களின் முடிவைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். அவர் 1995-இல் மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1999 ஜூலை 23-ஆம் நாள், நாசா தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டி அனுப்பியது. அதைச் சுமந்து போனது கொலம்பியா ஓடம்தான்.

சந்திரா ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்த் திரும்புகிறது. அங்கே போய்ப் பழுது பார்க்க எந்த ஓடத்தாலும் முடியாது.

மேலே போன சில வாரங்களில் அதற்குக் கண் நோய் வந்தது. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர் வளையத்தைக் கடக்கும்போது, அதன் கண்ணாடிகள் அணுத் துகள்களையும் கூட்டிக் காமிராவின் மேல் பாய்ச்சிவிட்டன. காமிராவின் சில பகுதிகள் புண்பட்டன. பூமியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வளையம் வரும்போதெல்லாம் காமிராவை விலக்கி ஒளித்து வைக்கும்படி கட்டளை எழுதினார்கள். புழுதிக் காற்று அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது மாதிரி! நோய் அதோடு நின்றது.

வயதாக ஆக, அதன் மேல் போர்த்திய வெப்பக் காப்புத் தேய்ந்தது. ஒரே பக்கம் வெகு நேரம் திரும்பியிருந்தால் சூடு ஏறும். எனவே எந்த நட்சத்திரத்தை எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று சூட்டுக் கணக்குப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். முதலில் சொன்ன ஆயுள் ஐந்து ஆண்டு. அது கால் நூற்றாண்டைத் தாண்டியது. தொடாமலே செய்த வைத்தியம்!

'கெப்ளர்' கதையும் இதே மாதிரி. 2009-இல் போன இந்தத் தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி வைக்க நான்கு சக்கரங்கள் உண்டு. மூன்றாவது வேண்டும். 2013-க்குள் இரண்டு கெட்டன. சூரிய ஒளிக்கும் ஒரு தள்ளு சக்தி உண்டு அல்லவா? அந்த மெல்லிய தள்ளலை மூன்றாவது சக்கரம்போலப் பயன்படுத்திக் கலத்தைச் சாய்த்து நிறுத்தினார்கள். 2018 வரை அது உழைத்தது. கெப்ளர் கண்ட வேற்றுக் கிரகங்கள் 2,600-க்கு மேல்.

ஆனால் கூர்ந்து பார்த்தால், தொடாத வைத்தியத்துக்கும் செலவு உண்டு. கட்டளை எழுத ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். 2024 மார்ச்சில் நாசா வெளியிட்ட வரவு செலவுத் திட்டம், சந்திராவுக்கான ஆண்டுத் தொகையை 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடி டாலராகக் குறைக்க யோசனை சொன்னது. வானியல் அறிஞர்கள் பதறி எழுந்து எதிர்த்தார்கள். மேலே இருக்கும் கண் நன்றாக இருக்கிறது. கீழே இருக்கும் கையை வெட்டினால் அது குருடாகும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறு என்ன?

மறுப்பு சொல்வோர்

'பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? அந்தப் பணத்தில் புதிது செய்யலாமே!' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஹப்பிளுக்கு ஆள் அனுப்பிய செலவு கொஞ்சம் அல்ல. 178 கோடி ரூபாய்க் கலத்தைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய தொகையில் ஒரு மீட்புக் கலம் அனுப்பினால், கால் பணத்துச் சுண்டைக்காய்க்கு முக்கால் பணம் சுமைகூலி என்று சிரிக்கும் உலகம் வாய்விட்டே சிரிக்கும். ஆஸ்ட்ரோசாட்டைத் தேடிப் போய்ப் பழுது பார்க்க வேண்டும் என்பது இங்கே வாதம் அல்ல. அதற்குக் கைப்பிடி வைக்கவில்லை. அது வந்த வழியே தன் காலத்தை முடிக்கட்டும்.

ஆனால் 'புதியது வந்தால் பழையது வேண்டாம்' என்பதை அப்படியே ஏற்க முடியாது. வானத்தில் நடப்பவை மெல்ல நடப்பவை. ஒரே கண்ணால் நீண்ட நாள் பார்த்தால்தான் மாறுதல் தெரியும்.

கொடைக்கானலைப் பார்த்தால் தெரியும். அங்கே சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-இல் ஏற்பட்டது. 1904 முதல் சூரியனின் தனிவகைப் படங்களை நாள்தோறும் எடுத்துச் சேர்த்தார்கள். நூறு ஆண்டுச் சூரியன் அங்கே பெட்டிகளில் இருக்கிறது! உலக நாட்டு விஞ்ஞானிகள் அந்தத் தொகுப்பை நாடுகிறார்கள். நாளைக்கு எவ்வளவு பெரிய தொலைநோக்கி செய்தாலும், 1910-இல் சூரியன் எப்படி இருந்தது என்று அது சொல்லுமா?

காவலூரைப் பார்க்கலாம். ஜவ்வாது மலையில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் கண்ணாடியின் மேல் உள்ள அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். அப்போது கண்ணாடியை இறக்கி, பழைய பூச்சைக் கழுவி, காற்றை உறிஞ்சிய அறையில் வைத்துப் புதிய பூச்சு ஏற்றுவார்கள். அந்த அறையையும் மலை மேலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலைக்கு அண்ணன் முறை! ஈயம் தேய்ந்ததென்று அண்டாவை எறிகிற வீடு எங்கே இருக்கிறது?

ஆகவே கணக்கு இப்படிப் போட வேண்டும். ராக்கெட்டு, வாண ஜாதி. எரிந்து தீர்வது அதன் தர்மம். ஆஸ்ட்ரோசாட்டைத் தூக்கிய ராக்கெட்டின் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அதற்காக எவரும் வருந்தவில்லை. அது தூக்கிப்போன கண், சூளை ஜாதி. வாணத்தின் கணக்கைக் கண்ணுக்குப் போடுவதுதான் தவறு.

ஆள் போகத் தேவையில்லை

மனிதன் உயிரைப் பணயம் வைத்துப் போக வேண்டிய காலமும் மாறிவருகிறது. 2020 பிப்ரவரியில் ஆள் இல்லாத ஓர் அமெரிக்கக் கலம், எரிபொருள் தீரும் நிலையில் இருந்த 'இன்டெல்சாட் 901' என்ற செய்திக் கோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. ஐந்து ஆண்டு அதைத் தாங்கி நடத்தியது. நொண்டிக்கு ஊன்றுகோல் கிடைத்தது போல் ஆயிற்று.

2004-இல் போன 'ஸ்விப்ட்' என்னும் தொலைநோக்கிக்கு முதலில் குறித்த ஆயுள் இரண்டே ஆண்டு. இருபது ஆண்டு உழைத்த பிறகு அதன் பாதை தாழத் தொடங்கியது. சூரியனின் சீற்றத்தால் மேல் காற்று விரிந்து அதை இழுத்ததே காரணம். அதைப் பிடித்து உயரத் தூக்கும் வேலையை 2025 செப்டம்பரில் 3 கோடி டாலருக்கு ஒரு கம்பெனியிடம் நாசா ஒப்படைத்தது. வேலையில் உள்ள சிக்கல் என்ன தெரியுமா? ஸ்விப்டில் பிடிப்பதற்குப் பிடி இல்லை! கட்டிய நாளில் யாரும் வைக்கவில்லை.

ஹப்பிளும் கிழமாகிவிட்டது. 2024 ஜூன் முதல் ஒரே கைரோவைக் கொண்டு அதை நடத்தும் முறைக்கு மாறினார்கள். மாற்றுக் கைரோ கொண்டுபோன ஓடங்கள் 2011-லேயே ஓய்வு பெற்றுவிட்டன. சீனாவோ, தன் விண்வெளி நிலையத்தோடு ஒரே பாதையில் சுற்றி, வேண்டும்போது நிலையத்தோடு வந்து இணைந்து பழுது பார்த்துக்கொள்ளும்படி ஒரு தொலைநோக்கியைத் திட்டமிட்டிருக்கிறது. நாசா அடுத்துச் செய்ய எண்ணும் பெரிய தொலைநோக்கியையும், எந்திரக் கை போய்ப் பழுது பார்க்கும்படிதான் அமைக்கப் போவதாகச் சொல்கிறது. உலகம் பாடம் கற்றுவிட்டது.

இந்தியாவுக்கு அந்தக் கை இருக்கிறதா? முளைத்துவிட்டது. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் கிளம்பிய 'ஸ்பேடெக்ஸ்' கலங்கள் இரண்டும், 2025 ஜனவரி 16-ஆம் நாள் ஆகாயத்தில் ஒன்றோடொன்று கைகோத்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றுக்கு அடுத்து இந்த வித்தை கைவந்த நாலாவது நாடு இந்தியா. ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரமும் அனுப்பிப் பார்த்தார்கள். அதே ராக்கெட்டின் கடைசி அடுக்கில் எந்திரக் கைகளையும் சோதித்தார்கள்.

பிடிக்கத் தெரிந்துவிட்டது. பிடிக்கக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

செய்ய வேண்டியவை மூன்று

பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், 'இன்சிஸ்ட்' என்ற பெயரில் ஒரு புதிய விண்வெளித் தொலைநோக்கிக்கு யோசனை கூறியிருக்கிறது. ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி. புற ஊதா ஒளியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பார்க்கும். இது வரட்டும், இதற்குப் பின் வேறு பலவும் வரட்டும். ஆனால் வருகிற ஒவ்வொன்றிலும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, பூமிக்கு அருகே சுற்றுகிற தொலைநோக்கி ஒவ்வொன்றிலும் ஸ்பேடெக்ஸ் கலம் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு வளையம் வைக்க வேண்டும். எரிபொருள் ஊற்ற ஒரு வாய் வேண்டும். சீக்கிரம் தேய்கிற பம்பரம், சக்கரம், மின்கலம் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டியாக வெளிப்புறத்தில் வைக்க வேண்டும். இதனால் எடை கூடும், செலவும் சற்றுக் கூடும், உண்மைதான். வீட்டுக் கிணற்றில் இறங்க உள்சுவரில் படிக்கல் வைத்துக் கட்டினால் கொஞ்சம் கூலி கூடத்தான் செய்யும். படி இல்லாத கிணற்றில் தூர் வாருகிறவனைக் கேட்டால் அந்தக் கூலியின் அருமை தெரியும்.

இரண்டாவது, நடத்தும் செலவு. கலத்தை அனுப்பும் நாளில் கொட்டும் பணத்தோடு கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. குறித்த ஆயுளுக்கு மேலும் பத்து ஆண்டுகளுக்கு, கட்டளை எழுதுகிறவர்களையும், கருவியின் பிழையைக் கணக்கிட்டுத் திருத்துகிறவர்களையும் வைத்திருக்க முன்கூட்டியே தொகை ஒதுக்க வேண்டும். சந்திராவின் கதை சொல்லும் பாடம் அது.

மூன்றாவது, பழுது பார்க்கிறவனுக்கு மரியாதை. ராக்கெட்டு கிளம்பும் நாளில் ஊரே கை தட்டுகிறது. ஏழாவது ஆண்டில், நள்ளிரவில், தடுமாறும் கருவிக்கு ஒரு மாற்று வழி எழுதிக் காப்பாற்றிய எஞ்சினீயரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. விருதுநகர்ச் சீமையின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு, செய்வதைப் போலவே பழுது பார்ப்பதும் பெருமைக்குரிய வித்தை என்று சொல்லித்தர வேண்டும். ராக்கெட்டு எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நெடுந்தொலைவில் இல்லை. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வேலைகள் தென்சீமைப் பிள்ளைகளின் வாசலுக்கே வருகின்றன.

குளத்தின் பாடம்

ஆலங்குளம் என்ற பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. தென்பாண்டிச் சீமையில் குளத்தையும் கண்மாயையும் பெயராகக் கொண்ட ஊர்கள் எத்தனையோ! மழை குறைந்த கரிசல் பூமியில் நீரைத் தேக்கித்தான் மனிதன் வாழ்ந்தான். குளம் வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதைக் காப்பது எல்லாத் தலைமுறைகளின் வேலை. மழைக் காலம் தொடங்குமுன் ஊரார் கூடிக் கரையை உயர்த்துவார்கள், மடையைச் சரி பார்ப்பார்கள், தூர் எடுப்பார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். குடிமராமத்து நடந்த ஊரில் குளம் நின்றது. விட்ட ஊரில் குளம் மேடாயிற்று.

மராமத்து என்பதை ஏழ்மையின் அடையாளமாக அந்த மக்கள் எண்ணவில்லை. குளத்துக்குக் காட்டும் விசுவாசமாக எண்ணினார்கள். ஆகாயத்தில் வெட்டுகிற குளத்துக்கும் அந்த விசுவாசம் வேண்டும்.

தீபாவளி இரவில் ஆலங்குளத்துச் சிறுவன் ஒருவன் வாணம் விடுவான். அது மேலே போய்ப் பூத்து அணையும். அவன் கை தட்டுவான். அவன் பார்வை போகிற அதே தென்வானத்தில், அவன் அறியாமல், இந்தியாவின் கண் ஒன்று போய்க்கொண்டிருக்கும். அவன் வளர்ந்து ஆளாகும்போது, வேறு ஒரு கண் அங்கே இருக்கும். அதைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கே கிடைக்கலாம்.

அன்று அவன் திருப்புளியை எடுக்கும்போது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்க வேண்டும். அதை வைக்க வேண்டியவர்கள் இன்று வரைபட மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.